இடுகுறியும் காரணமும்: தரவுத்தளங்களில் பெயரிடும் மரபின் வரலாறு



இவ்வுரைக்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள் கணினித்துறைக்கு மட்டுமே உரியது போலத் தோன்றலாம். தரவுத்தளம் ஒன்றில் சேமிக்கப்படும் ஒவ்வொரு செய்திக்கும் ஒரு பெயர் வேண்டும். ஒரு நூலைப் பதிவு செய்யும்போது ‘ஆசிரியர்’, ‘தலைப்பு’, ‘மொழி’, ‘ஆண்டு’ என்று இடங்களைப் பிரித்து, ஒவ்வோர் இடத்திற்கும் ஒரு பெயரைச் சூட்டுகிறோம். அப்பெயரே குறிச்சொல். அதனை எந்நெறியால் இடுவது, அதில் பொருள் விளங்க வேண்டுமா, இட்ட பின்னர் மாற்றலாமா என்பன தரவுத்தளம் அமைப்போர் நாள்தோறும் எதிர்கொள்ளும் வினாக்கள். கணினி தோன்றுவதற்குப் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே தமிழிலக்கணிகள் இவ்வினாக்களை எண்ணிப் பார்த்துள்ளனர் என்பதை முதலில் நினைவில் கொள்வோம்.

இவ்வினாக்கள் நம்மைத் தொடுவதற்கு வலுவான காரணம் ஒன்று உண்டு. உலகின் எழுத்துகளையெல்லாம் தொகுத்து வைத்துள்ள எழுத்துத் தரவுத்தளத்தில் நம் ஆய்தம் ‘விசர்கம்’ என்னும் பெயரோடு பதிவாகியுள்ளது. அப்பெயர் பொருந்தாதது என்பதைத் தமிழறிந்தார் எவரும் அறிவர். ஆயினும் அதனை இனி எவராலும் மாற்ற இயலாது. இந்நிலை எவ்வாறு ஏற்பட்டது, அதிலிருந்து நாம் கற்கத்தக்கது யாது என்பதே இவ்வுரையின் மையம்.

1. தான் குறியிடுதல்

தொல்காப்பிய மரபியல் நூலுக்குரிய உத்திகளாக முப்பத்திரண்டினை எண்ணுகிறது. அவற்றுள் ஒன்று ‘தான் குறியிடுதல்’. உலக வழக்கிலுள்ள சொற்கள் போதாதவிடத்து, நூலாசிரியன் தன் நூலுக்கென ஒரு குறியை ஆக்கிக்கொள்ளலாம். நன்னூலும் ‘தன்குறி வழக்கம்’ பற்றித் தன் உத்திகளிடையே கூறுகிறது. ஆக்கிய குறியை நூல் முழுவதும் பல இடங்களில் எடுத்து ஆள வேண்டும் என்பது அவ்வுத்தியின் கருத்து. ஓரிடத்தில் ஒரு பெயரும் மற்றோரிடத்தில் வேறொரு பெயருமாகக் குறி தடுமாறினால் நூல் பயன்படாது. இன்று தரவுத்தள வல்லுநர் ‘பெயரிடலில் ஒருமை’ என்று வற்புறுத்துவதும் இதுவே.

பெயர்களை நன்னூலார் இடுகுறி என்றும் காரணம் என்றும் பகுத்தார். ஒவ்வொன்றும் பொதுவாகவும் வரும், சிறப்பாகவும் வரும். மரம் இடுகுறிப் பொதுப்பெயர். பனை இடுகுறிச் சிறப்புப்பெயர். பறவை காரணப் பொதுப்பெயர். மரங்கொத்தி காரணச் சிறப்புப்பெயர். உரையாசிரியர் இவற்றோடு காரண இடுகுறி என்னும் வகையையும் விளக்கினர். முள் உடைமையால் முள்ளி எனப் பெயர் வந்தது. ஆயினும் முள்ளுடைய செடிகள் யாவும் முள்ளி ஆவதில்லை. காரணம் உண்டு, ஆனால் பெயரின் எல்லையைக் காரணம் வரையறுக்கவில்லை, வழக்கே வரையறுக்கிறது.

வகுப்பறையில் நாம் நாளும் கற்பிக்கும் இப்பாகுபாடு, தரவுத்தளத்தில் பெயரிடும் சிக்கல் முழுவதையும் விளக்கப் போதுமானது. இடுகுறிப் பெயருக்குப் பொருள் இல்லை. ஆதலால் அது பொய்ப்பதும் இல்லை. காரணப்பெயர் கேட்டவுடன் விளங்கும். ஆனால் காரணம் மாறினாலோ, தொடக்கத்திலேயே தவறாகக் கொள்ளப்பட்டிருந்தாலோ, பெயர் பொய்யாகிவிடும். எந்த இடத்திற்கு எவ்வகைப் பெயர் தக்கது என்று தெரிந்து இடுவதில்தான் திறன் இருக்கிறது.

தொல்காப்பியர் வேற்றுமைகளுக்கு இருவகைப் பெயரையும் ஆண்டார். ‘இரண்டாவது’ என்னும் எண்ணும், ‘ஐ’ என்னும் உருபும் ஒரே வேற்றுமையைச் சுட்டுகின்றன. எண் மாறாதது, உருபு விளக்கம் தருவது. ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வைத்துக் குழப்பாமல், இரண்டையும் இணைத்து வைத்த அம்முறை பின்வரும் வரலாற்றுக்கெல்லாம் அளவுகோலாக அமையும்.

2. நூலகங்களின் பட்டறிவு

கணினியில் பெயரிடும் நெறி பெருமளவில் சோதிக்கப்பட்ட முதற்களங்களுள் ஒன்று நூலகம். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் ஹென்ரியட் அவ்ராம் என்னும் அம்மையாரின் தலைமையில் ‘மார்க்’ எனப்படும் நூற்பதிவு முறை உருவாயிற்று. 1966இல் வெள்ளோட்டம் தொடங்கியது. அம்முறையில் ஒவ்வொரு புலத்திற்கும் மூன்றிலக்க எண்ணே பெயர். நூலாசிரியர் பெயர் 100, தலைப்பு 245, பொருள் 650. ‘245’ என்னும் எண்ணில் தலைப்பு என்னும் பொருள் சிறிதும் இல்லை. அது முழு இடுகுறி. கற்றுக்கொள்ளும் வரை கடினம். கற்றபின் எம்மொழியாளர்க்கும் ஒன்றே. மலாய் நூலகரும் சீன நூலகரும் தமிழ் நூலகரும் அவ்வெண்ணைத் தத்தம் மொழியில் விளங்கிக்கொள்ளலாம். அரை நூற்றாண்டுக்கு மேல் அம்முறை நிலைத்து நிற்பதற்கு இவ்வியல்பும் ஒரு காரணம்.

அதே முறையில் 880 என்னும் புலம் ஒன்று உண்டு. ரோமன் அல்லாத எழுத்துகளில் அமைந்த வடிவத்தை எழுதுவதற்குரிய இடம் அது. பல நூலகங்களில் ஒரு தமிழ்நூலின் தலைப்பை 245இல் ரோமன் எழுத்தில் பெயர்த்தெழுதி, தமிழெழுத்தில் உள்ள மூலத்தலைப்பை 880இல் வைப்பர். அப்புலத்தின் விளக்கப்பெயர் ‘மாற்று எழுத்து வடிவம்’ என்னும் பொருளுடையது. நூலின் அட்டையில் அச்சாகியிருப்பது எதுவோ அது மாற்று வடிவமாகவும், அட்டையில் இல்லாதது முதன்மை வடிவமாகவும் பதிவாகின்றன. எண்ணில் குறையில்லை, எண்ணுக்கு எழுதிய காரணத்தில்தான் கோணல் உள்ளது.

1995இல் அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்து டப்ளின் நகரில் கூடிய அறிஞர்கள் மாறான வழியைத் தேர்ந்தனர். இணையத்தில் பெருகிவந்த ஆவணங்களை நூலகப் பயிற்சி இல்லாதோரும் விவரிக்க வேண்டுமென்பது அவர்களின் நோக்கம். ஆகவே எளிய ஆங்கிலச் சொற்களையே குறிச்சொற்களாக்கினர். ‘டப்ளின் கோர்’ எனப்படும் அம்முறையில் தொடக்கத்தில் பதின்மூன்று குறிச்சொற்கள் இருந்தன. பின்னர் பதினைந்து ஆயின. முதற்பட்டியலில் நூலாசிரியரைக் குறிக்கும் ‘ஆத்தர்’ என்னும் சொல் இருந்தது. ஓவியமும் நிழற்படமும் பதிவுக்கு வந்தபோது அச்சொல் போதவில்லை. படைத்தவர் என்று பொருள்படும் ‘கிரியேட்டர்’ அவ்விடத்தைப் பெற்றது. காரணப்பெயரின் வசதியும் இடரும் இவ்வொரு மாற்றத்தில் சேர்ந்தே வெளிப்படுகின்றன.

3. ஆய்தம் விசர்கமான வரலாறு

இனி நம் எழுத்துக்கு வருவோம். யூனிகோட் எனப்படும் ஒருங்குறியின் முதற்பதிப்பு 1991இல் வெளிவந்தது. அதில் ஒவ்வோர் எழுத்துக்கும் இரண்டு அடையாளங்கள் தரப்பட்டன. ஒன்று எண், மற்றொன்று பெயர். எண் இடுகுறி, பெயர் காரணம். தொல்காப்பியர் வேற்றுமைக்குச் செய்ததை ஒத்த ஏற்பாடு இது. கருத்தில் குறை காண்பதற்கில்லை. பெயர்களைத் தேர்ந்த முறையில்தான் சிக்கல் எழுந்தது.

இந்திய எழுத்துகளுக்கு ஒருங்குறி பின்பற்றிய அடிப்படை, ‘இஸ்கி’ எனப்பட்ட இந்தியக் குறியீட்டுத் தரத்தின் 1988ஆம் ஆண்டு வடிவம். பிராமியிலிருந்து கிளைத்த எழுத்துகள் அனைத்தையும் ஒரே சட்டகத்தில் அடுக்குவது அதன் நோக்கம். தேவநாகரியில் ‘க’ எவ்விடத்திலோ, வங்கத்திலும் தெலுங்கிலும் தமிழிலும் ‘க’ அவ்விடத்திலேயே இருக்கும். ஒரு மொழியில் எழுதியதை மற்றோர் எழுத்துக்கு எளிதில் மாற்ற இவ்வமைப்பு துணைசெய்யும் என்று கருதினர்.

சட்டகத்தின் தொடக்கத்தில் சந்திரபிந்து, அனுசுவாரம், விசர்கம் ஆகியவற்றுக்கு இடங்கள் உண்டு. தமிழில் இம்மூன்றும் இல்லை. ஆனால் ஆய்தம் உண்டு. அதற்குரிய இடம் பொதுச் சட்டகத்தில் இல்லை. ஆகவே ஆய்தத்தை விசர்கத்தின் இடத்தில் அமர்த்தினர். இடத்தோடு பெயரும் ஒட்டிக்கொண்டது. இன்றும் அவ்வெழுத்தின் முறைசார் பெயர் ‘டமில் சைன் விசர்கா’ என்பதே. அனுசுவாரத்தின் இடமும் தமிழ்ப் பகுதியில் ஒரு குறியைப் பெற்றது; தமிழில் அது வழங்குவதில்லை என்னும் குறிப்பை ஒருங்குறிப் பட்டியலே அதனருகில் தருகிறது.

விசர்கமும் ஆய்தமும் ஒன்றல்ல. விசர்கம் உயிரின் பின் வரும் மூச்சொலி. சொல்லின் இறுதியிலும் வரும். ஆய்தம் குற்றெழுத்தை அடுத்தும் வல்லின உயிர்மெய்க்கு முன்னும் நிற்கும். சொல்லின் இறுதியில் நில்லாது. தொல்காப்பியர் அதனைக் குற்றியலிகரம், குற்றியலுகரம் ஆகியவற்றோடு சேர்த்துச் சார்ந்துவரும் மூன்றனுள் ஒன்றாக வைத்தார். வடிவு நோக்கி முப்பாற்புள்ளி என்றார். இத்தனை இலக்கணச் செய்திகளையும் தன்னகத்தே கொண்ட ஒரு கலைச்சொல் நம்மிடம் ஈராயிரம் ஆண்டு மரபோடு இருக்க, அயலில் கிடைத்த ஒரு பெயர் அதன்மீது ஏறிவிட்டது.

மற்றைய எழுத்துகளின் பெயர்களும் ஆராயத்தக்கவை. பெயரில் ஆங்கிலப் பேரெழுத்து இருபத்தாறும், எண்ணுருக்களும், இடைவெளியும், இணைப்புக்கோடும் மட்டுமே வரலாம் என்பது விதி. சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் வெளிவந்த தன் தொகுதிகளில் ழகரத்தையும் றகரத்தையும் னகரத்தையும் அடிக்கோடிட்ட ரோமன் எழுத்துகளால் குறித்தது. அவ்வழி இங்கு அடைபட்டது. எனவே எழுத்தை இரட்டித்தும் மும்மடங்காக்கியும் வேறுபாட்டைக் காட்டினர். லகரத்திற்கு ஓர் ‘எல்’, ளகரத்திற்கு இரண்டு, ழகரத்திற்கு மூன்று. நகரத்திற்கு ஓர் ‘என்’, ணகரத்திற்கு இரண்டு, னகரத்திற்கு மூன்று.

ஒலியியல் நோக்கில் இதனைச் சற்றுக் கவனிப்போம். ளகரத்திலும் ணகரத்திலும் டகரத்திலும் இரட்டிப்பு நாமடி ஒலியைக் குறிக்கிறது. ஆனால் இரண்டு ‘ஆர்’ கொண்டு எழுதப்படும் றகரம் நாமடி ஒலியன்று. நுனிநா அண்பல்லை ஒட்டி எழுவது. மூன்று ‘என்’ பெற்ற னகரமும் அத்தகையதே. ஆகவே இரட்டிப்பு ஓரிடத்தில் ஒலியின் இனத்தைச் சொல்கிறது. மற்றோரிடத்தில் ‘வேறொன்று’ என்பதை மட்டும் சொல்கிறது. காரணப்பெயர் போலத் தோன்றினும் இவை முள்ளியைப் போன்ற காரண இடுகுறிகளே. இதனை உணராத மாணவர், மூன்று ‘எல்’லைக் கண்டு ழகரம் ளகரத்தினும் அழுத்தமான ஒலி போலும் என்று எண்ணிவிடக் கூடும். தேவநாகரியிலும் இதே பெயர்களில் மூன்று எழுத்துகள் உள்ளன. திராவிட மொழிகளின் ன, ற, ழ ஒலிகளைப் பெயர்த்தெழுதப் புள்ளியிட்டு ஆக்கப்பட்டவை அவை. நம் எழுத்துக்கு அதன் நிழலின் பெயரே அமைந்துவிட்டது.

4. மாற்றக்கூடாத பெயர்

பிழை தெரிந்த பின்னும் ஏன் திருத்தவில்லை என்னும் வினா எழும். 1996இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பு தொடங்கி ஒருங்குறியில் உறுதியான விதி ஒன்று நடைமுறையில் உள்ளது. ஒருமுறை இட்ட எழுத்துப்பெயர் எக்காலத்தும் மாறாது என்பதே அது. இதனைப் பிடிவாதம் என்று தள்ளிவிட இயலாது. பைத்தான், பேர்ல் முதலிய நிரல்மொழிகளில் எழுத்தை அதன் பெயரைச் சொல்லியே அழைக்க முடியும். பெயரை மாற்றினால், பழைய பெயரை நம்பி எழுதிய நிரல்கள் நின்றுவிடும். விளக்கத்திற்காக இட்ட காரணப்பெயர், திறவுகோலாகப் பயன்பட்டபோது இடுகுறியின் கடமையையும் ஏற்றுக்கொண்டது. ஏற்றபின் இடுகுறியைப் போலவே அசையாமல் நிற்க வேண்டியதாயிற்று.

இவ்விதியால் வருந்துவோர் நாம் மட்டுமல்லர். செங்குத்து எழுத்துமுறைக்குரிய அடைப்புக்குறி ஒன்றின் பெயரில், ‘பிராக்கெட்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் இரண்டு எழுத்துகள் இடம் மாறி அச்சாயின. வெறும் எழுத்துப்பிழை, எனினும் அது அப்படியே நிற்கிறது. லாவோ மொழியில் ஈரெழுத்துகளின் பெயர்கள் ஒன்றுக்கொன்று மாறிப் பதிவாயின. நமக்கு மிக நெருங்கிய சான்று கன்னடத்தில் உள்ளது. பழங்கன்னடத்தில் ழகரத்திற்கென ஓர் எழுத்து வழங்கியது. அதற்கு ஒருங்குறியில் ‘கன்னட லெட்டர் எஃப்-ஏ’ என்று பெயர் சூட்டிவிட்டனர். பழங்கன்னட ழகரம் இன்றும் தன் முறைசார் பெயரில் ‘ஃப’ என்றே நிற்கிறது.

இத்தகைய பிழைகளுக்கு ஒரு மருந்து கண்டனர். பெயரை மாற்றாமல், முறைசார் மாற்றுப்பெயர் ஒன்றை அதனோடு இணைப்பது. கன்னட எழுத்துக்கு மூன்று ‘எல்’ கொண்ட மாற்றுப்பெயர் அவ்வாறே கிடைத்தது. அடைப்புக்குறிக்கும் லாவோ எழுத்துகளுக்கும் கிடைத்தன. ஆய்தத்திற்கோ அத்தகைய முறைசார் மாற்றுப்பெயர் இல்லை. ‘ஆய்தம்’ என்னும் சொல் பட்டியலில் ஒரு விளக்கக் குறிப்பாக மட்டும் உள்ளது. ஆயினும் ஓர் ஆறுதல் உண்டு. எழுத்தின் இயல்பைக் கூறும் புலம் பெயரிலிருந்து வேறானது. அப்புலத்தில் தேவநாகரி விசர்கம் சார்புக்குறியாகவும், நம் ஆய்தம் தனித்து நிற்கும் எழுத்தாகவும் வகைப்படுத்தப்பட்டுள்ளன. பெயர் பிழையாயினும் பிறப்பியல்பு சரியாகப் பதிவாகியுள்ளது. பெயரையும் இயல்பையும் தனித்தனிப் புலங்களில் வைத்ததன் பயன் இது.

பெயரை மாற்றினால் என்ன நேரும் என்பதற்கும் சான்று உண்டு. அதற்கு நம் அண்டை நாட்டு மொழியையே காட்டலாம். மொழிகளுக்குரிய ஈரெழுத்துக் குறிகளில் இந்தோனேசிய மொழிக்கு முதலில் ‘ஐ-என்’ என்னும் குறி இருந்தது. 1989இல் அது ‘ஐ-டி’ என மாற்றப்பட்டது. எபிரேய மொழிக்கும் இத்திசு மொழிக்கும் உரிய குறிகளும் அப்போது மாறின. ஆனால் ஜாவா நிரல்மொழி பழைய குறிகளையே தன்னுள் ஆண்டு வந்தது. புதிய குறிகளை இயல்பு நிலையாக ஏற்றது அதன் பதினேழாம் பதிப்பில், ஆண்டு 2021. ஈரெழுத்து மாற்றம் ஒன்று நிலைபெற முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆயின. மாற்றாமையும் இடர், மாற்றமும் இடர் என்றால், முதன்முதலில் இடும்போதே எண்ணி இடுவது எவ்வளவு இன்றியமையாதது என்பது தெளிவாகும்.

5. ழகரத்தின் இரு பெயர்கள்

2019இல் வெளிவந்த ஒருங்குறியின் பன்னிரண்டாம் பதிப்பு தமிழுக்கு மற்றொரு பகுதியைச் சேர்த்தது. பழங்கணக்கிலும் ஆவணங்களிலும் வழங்கிய பின்னங்கள், அளவைகள், நாணயங்கள் முதலியவற்றின் குறியீடுகள் ஐம்பத்தொன்று அதில் இடம்பெற்றன. நம் முன்னோர் கணக்கெழுதிய முறையைக் கணினிக்குக் கொண்டுவந்த அரிய பணி இது.

பெயரிடும் நெறி இங்கு இருவகையாகப் பிரிந்தது. பின்னங்களுக்குத் தமிழ்ப்பெயர் இடவில்லை. முந்திரியைக் குறிக்கும் எழுத்து, முந்நூற்றிருபதில் ஒரு பங்கு என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடரால் அழைக்கப்படுகிறது. காணி, எண்பதில் ஒன்று. அளவைகளுக்கோ தமிழ்ப் பெயர்களே ரோமன் எழுத்தில் அமைந்தன. ஆழாக்கு, உழக்கு, குறுணி, பதக்கு, குழி, வேலி என்பன அவ்வாறு பதிவாயின.

ஆழாக்கு, உழக்கு, குழி ஆகியவற்றில் ழகரத்தை எவ்வாறு எழுதினர் என்று நோக்குங்கள். மூன்று ‘எல்’ அங்கு இல்லை; ‘இசட்-எச்’ என்னும் இரண்டெழுத்து வந்துள்ளது. பதக்கு என்பதில் தகரத்திற்கு ‘டி-எச்’ வந்துள்ளது. 1991ஆம் ஆண்டுப் பட்டியலில் தகரம் ‘டி’ மட்டுமே. ஒரே தரவுத்தளத்தில், ஒரே மொழியின் ஒரே எழுத்து, இருபத்தெட்டு ஆண்டு இடைவெளியில் இருவேறு பெயர்ப்பு முறைகளைப் பெற்றுவிட்டது. பிற்காலப் பெயர் மக்கள் வழக்குக்கு நெருக்கமானது என்பதில் ஐயமில்லை. ஆனால் பெயரைக் கொண்டு தேடும் ஒருவர், ஒரு முறையை மட்டும் அறிந்திருந்தால் மற்றதைக் காணமாட்டார். ‘தன்குறி வழக்கம்’ வற்புறுத்திய ஒருமை குலையும்போது நேரும் இழப்பு இதுவே.

6. நம் ஊரும் நம் பதிவுகளும்

இதுவரை கூறியவை தொலைவில் நடந்தவை. புக்கிட் மெர்தாஜாமில் வாழும் நமக்கு இவை எவ்வகையில் உரியவை என்பதை இனிப் பார்ப்போம்.

நாம் சுமந்து திரியும் அடையாள அட்டையின் பன்னிரண்டு இலக்க எண்ணையே எடுத்துக்கொள்வோம். முதல் ஆறு இலக்கம் பிறந்த நாள், அடுத்த இரண்டு பிறந்த இடம், பினாங்கிற்கு 07. இறுதி இலக்கம் ஒற்றையாயின் ஆண், இரட்டையாயின் பெண். எண்ணாயினும் இது தூய இடுகுறியன்று. காரணம் பொதிந்த எண். பார்த்தவுடன் செய்தி விளங்குவது இதன் வசதி. அதே எண்ணை அறிந்த எவருக்கும் ஒருவரின் அகவையும் பிறப்பிடமும் தெரிந்துவிடுவது இதன் விலை.

அவ்வட்டையில் பெயருக்கு ஒரே இடம். ‘அனாக் லெலாகி’, ‘அனாக் பெரெம்புவான்’ ஆகியவற்றின் சுருக்கங்களோடு தந்தை பெயரும் அதனுள்ளேயே அமைந்துவிடுகிறது. குடும்பப்பெயர் இல்லாத நம் மரபுக்கு அது இசைவானது. இடர் வருவது, பெயரை ‘முதற்பெயர்’, ‘குடும்பப்பெயர்’ என்று இரண்டாகக் கேட்கும் அயல்நாட்டுப் படிவங்களில். நிரப்ப வேண்டிய கட்டாயத்தால் தந்தை பெயரைக் குடும்பப்பெயராக எழுதுகிறோம். அதன்படி தாயும் தந்தையும் மக்களும் வெவ்வேறு குடும்பத்தினர் ஆகின்றனர். நடுவிலுள்ள சாய்கோட்டைச் சில படிவங்கள் ஏற்பதுமில்லை. புலத்திற்கு இட்ட பெயர், நம் உறவுமுறையையே திருத்தி எழுதிவிடுகிறது.

ஊர்ப்பெயர்களும் அவ்வாறே. நம் அண்டையிலுள்ள நகரத்தைப் பழைய ஆங்கில ஆவணங்கள் ‘பிராய்’ என்றும், இன்றைய மலாய் ‘பெராய்’ என்றும், நம்மவர் ‘பிறை’ என்றும் எழுதுகின்றனர். ஆங்கிலேயர் ‘புரொவின்ஸ் வெல்லெஸ்லி’ என்ற நிலப்பகுதி இன்று செபராங் பிறை. அதன் நகராண்மைக் கழகம் 2019 செப்டம்பர் 16இல் மாநகர் மன்றமாக உயர்ந்தது. ஊரின் அடையாளமாக அதன் பெயரையே தரவுத்தளத்தில் வைத்திருந்தால், ஒவ்வொரு மாற்றத்திலும் பழைய பதிவுகள் அறுந்துபோகும். சென்னை 1996இல் பெயர் மாறியபோதும், அதன் வானூர்தி நிலையத்துக்குரிய பன்னாட்டு மூவெழுத்துக் குறி மதராசின் முதலெழுத்தோடு அப்படியே தொடர்கிறது. பெயர் மாறினும் குறி மாறாததால் பயணச்சீட்டுகள் வழி தவறுவதில்லை.

இவ்வூரின் பழஞ்செல்வம் ஒன்றும் ஒரு பாடத்தைத் தருகிறது. செரோக் தோகூனில் உள்ள கருங்கற்பாறைக் கல்வெட்டை 1845இல் ஜேம்ஸ் லோ கண்டறிந்தார். தென்னிந்தியாவிலிருந்து வந்த பல்லவ எழுத்துவகையில் வடமொழியில் அமைந்தது அது. இதனை ஒரு மாணவர் பதிவுசெய்யும்போது ‘மொழி’ என்னும் ஒரு புலம் மட்டுமே இருந்தால் என்ன எழுதுவார்? தென்னாட்டு எழுத்து என்பதால் தமிழ் என்று எழுதினால் பிழை. வடமொழி என்று மட்டும் எழுதினால், தென்னாட்டுத் தொடர்பு மறைந்துவிடும். மொழி வேறு, எழுத்து வேறு. அனைத்துலகத் தரங்களிலும் தமிழ்மொழிக்கு ஈரெழுத்துக் குறியும், தமிழெழுத்துக்கு நான்கெழுத்துக் குறியும் தனித்தனியே உள்ளன. பழந்தமிழுக்கு வேறொரு குறியும் உண்டு.

7. கொள்ளத்தக்க நெறிகள்

பள்ளி நூலகப் பட்டியல், தோட்டப்புறப் பாடல்களின் தொகுப்பு, பழைய இதழ்களின் அடைவு என ஆசிரியரும் மாணவரும் இன்று தரவுத்தளங்களை ஆக்கத் தொடங்கியுள்ளனர். அவற்றுக்கெனச் சில நெறிகளை முன்வைக்கிறோம்.

முதலாவது: அடையாளம் இடுகுறியாகவும் பெயர் காரணமாகவும் இருக்கட்டும். ஒவ்வொரு பதிவுக்கும் பொருளற்ற ஓர் எண்ணை வழங்குக. விளக்கும் பெயரை அதன் அருகில் வைத்து, வேண்டும்போது திருத்துக. பெயரையே திறவுகோலாக்கியதன் விளைவை ஆய்தத்தில் கண்டோம்.

இரண்டாவது: ஒரு புலத்தில் ஒரு பொருளே இருக்கட்டும். மொழியையும் எழுத்தையும், தன் பெயரையும் தந்தை பெயரையும் தனித்தனிப் புலங்களில் வைக்க. தந்தை பெயருக்குரிய புலத்தைத் ‘தந்தை பெயர்’ என்றே அழைக்க.

மூன்றாவது: நம் இலக்கணத்தில் கலைச்சொல் இருக்கையில் அதனையே ஆள்க. பெயரெச்சத்தையும் வினையெச்சத்தையும் அயல்மொழி இலக்கணத்தின் அண்மைச் சொல்லுக்குள் அடக்கினால், விசர்கத்தின் கதை மீண்டும் நிகழும். அனைத்துலகக் குறியோடு இணைக்க வேண்டுமாயின் அதற்கென மற்றொரு புலத்தை வைத்துக்கொள்ளலாம்.

நான்காவது: குறிச்சொல்லின் எழுத்து வடிவை வரையறுக்க. ‘ஊர் பெயர்’, ‘ஊர்ப் பெயர்’, ‘ஊர்ப்பெயர்’ ஆகிய மூன்றும் நமக்கு ஒன்று, கணினிக்கு மூன்று. ஒற்று மிகுமா, பிரித்து எழுதுவதா சேர்த்து எழுதுவதா, ஒருமையா பன்மையா என்று தொடக்கத்திலேயே முடிவு செய்து எழுதி வைக்க. ‘கொ’ என்பதில் ஒகரக்குறியை ஒரே குறியாகவும், எகரக்குறியும் காலும் சேர்ந்த இரண்டாகவும் கணினி வைத்துக்கொள்ள இடமுண்டு. கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ‘ஔ’ என்னும் ஓரெழுத்துக்கு மாற்றாக ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டுவோரும் உளர். இவற்றையெல்லாம் ஒரே வடிவுக்குக் கொணர்ந்த பின்னரே சேமிக்க வேண்டும். சந்தி இலக்கணம் தேர்வுக்கு மட்டும் உரியதன்று என்பதை மாணவருக்கு உணர்த்த இதனினும் நல்ல வாய்ப்பு இல்லை.

ஐந்தாவது: பழைய பெயரை அழிக்காதீர். பெயர் மாறும்போது பழையதை மாற்றுப்பெயராக வைத்து, மாறிய நாளையும் காரணத்தையும் அதனருகில் எழுதுக. ‘பிராய்’ என்று தேடுபவரும் ‘பிறை’ என்று தேடுபவரும் ஒரே பதிவை அடைய வேண்டும்.

1980களில் இந்தியக் குறியீட்டுச் சட்டகத்தை வகுத்தவர்கள் தமிழுக்குத் தீங்கு எண்ணியவர்கள் அல்லர். பொதுமையை நாடினர், பொதுப்பெயரால் சிறப்புப்பெயரை மூடிவிட்டனர். அவ்வேளையில் தமிழிலக்கணம் கற்றாரும் கணினி கற்றாரும் ஒரே மேசையில் அமர்ந்திருந்தால், ஆய்தம் தன் பெயரோடே பதிவாகியிருக்கும். இன்று இவ்விருவகைக் கல்வியும் ஒரே மாணவரிடம் சேர்ந்து வளர்கின்றன. ஆகவே ஆசிரியர்களிடம் ஒரு சிறு பணியை வேண்டுகிறோம். பெயரியல் பாடம் நடத்தும் நாளில், உங்கள் மாணவர்களைத் தம் வட்டாரத்து ஊர்கள் பத்தினைப் பட்டியலிடச் செய்யுங்கள். ஒவ்வோர் ஊருக்கும் ஓர் எண்ணும், இன்றைய தமிழ்ப்பெயரும், மலாய்ப்பெயரும், பழைய ஆங்கிலப்பெயரும், முதியோர் வழங்கும் பெயரும் தனித்தனிப் புலங்களில் அமையட்டும். இடுகுறி எது, காரணம் எது என்பதை அப்பட்டியலே அவர்களுக்குக் கற்பித்துவிடும்.